பார்சல் டேப்

என் கழுத்தை நெரித்தவனின் கையில் எங்கள் வார்டு சோப்பு வாசனை அடித்தது. நான் சொல்லிக்கொடுத்தபடி முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் நெரித்தான்.

அவன் பார்சல் ஆபீஸில் மூட்டை ஏற்றுபவன். படுக்கையில் இருந்தவள் அவனுடைய அக்கா, தையல்காரி. ரத்தப் புற்று. அவளுடைய எலும்பு மஜ்ஜையை மருந்தால் அடியோடு அழித்துவிட்டு, தம்பியிடம் எடுத்த ஸ்டெம் செல்லை ஏற்றி அன்று ஒன்பதாவது நாள். அது வேர்பிடிக்கும்வரை அவள் உடம்பில் காவலுக்கு ஒரு வெள்ளை அணு கிடையாது. வெட்டுப்பட்டால் ரத்தம் நிற்காது. நெஞ்சுத் தோலைத் துளைத்து இறங்கும் குழாயின் நுனி இதயத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். மருந்து போகிற வழியில் கிருமியும் போகும். போன மாதம் ஒருவருக்குப் போனது. இரண்டே நாள். நான்தான் துணியால் முகத்தை மூடினேன்.

அதனால்தான் கத்துவேன். வார்டில் எனக்கு முள்வேலி சிஸ்டர் என்று பெயர். குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் பதினைந்து எண்ணும்வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். பெரிய டாக்டர் ஏழில் நிறுத்தினார். "மீதி எட்டு எங்க சார் போச்சு?" என்றேன். அதற்குப் பிறகு என் ஷிப்டில் அவர் குழாயைத் தொடுவதில்லை.

தம்பிக்காரன் முதல் நாள் செருப்போடு உள்ளே வந்தான்.

"கதவுல இவ்ளோ பெருசா எழுதிப் போட்டிருக்கு. படிக்கத் தெரியாதா?"

தெரியாது. தலையைக் குனிந்துகொண்டான். என் அப்பாவுக்கும் தெரியாது. இதே கேள்வியை ஒரு கவுண்டரில் எவளோ அவரிடம் கேட்டபோது எனக்கு எட்டு வயது. அவள் முடியைப் பிடித்து இழுத்து மேஜையில் மோத வேண்டும்போல இருந்தது. அது ஞாபகம் இருந்தும் கேட்டேன். பத்தாததற்கு அக்காவின் நெஞ்சில் குழாய் நுழையும் இடத்தை மூடி ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் காட்டி, "இந்த ஒட்டு நனைஞ்சுது, ஓரம் பிரிஞ்சுதுன்னா, உன்ன வெளிய தள்ளிக் கதவ சாத்திருவேன்" என்றேன்.

பிறகு இரண்டு நாள் எனக்கு லீவு. திரும்பி வந்த காலையில் அவளுக்குக் குளிர் எடுத்தது. கட்டில் கடகடவென்று ஆடியது. காய்ச்சல் நூற்று மூன்று. ஒரு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு மருந்து ஏற்ற வேண்டும். உடுப்பை விலக்கினேன். கண்ணாடிபோல இருக்கும் ஒட்டின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பழுப்பு நிறப் பார்சல் டேப். அடியில் தண்ணீர் கோத்து, தோல் சிவந்து கொதித்தது. ஆறு ஷிப்டும் 'ஒட்டு நன்றாக உள்ளது' என்று டிக் போட்டிருந்தார்கள். விலக்கிப் பார்க்காத கைகள்.

"எவன் பார்த்த வேலை இது?"

"முந்தாநேத்து குளிக்கும்போது..." என்றாள் அவள், பல் தந்தியடிக்க.

"நீ சும்மா இரு அக்கா" என்றான் அவன்.

டேப்பைப் பிய்த்தெறிந்தேன். தோலைத் துடைத்துப் புது ஒட்டுப் போட்டேன். கையுறை மாற்றி, குழாயின் கிளிப்பை அழுத்தி மூடி, அதன் வாய் மூடியைக் கழற்றி, பதினைந்து எண்ணித் தேய்த்தேன். கை வேலை பார்த்தது, வாய் சும்மா இருக்கவில்லை. "மூட்டைக்கு ஒட்டுறத மனுஷிக்கு ஒட்டியிருக்க. செல்லையும் குடுத்துட்டு நீயே அவளக் கொல்லு."

"நானா கொல்றேன்?"

பின்னாலிருந்து இரண்டு கையும் என் கழுத்தில் விழுந்தன.

திறந்த முனை என் விரல்களில் இருந்தது. விட்டால் போர்வையில் விழும். இறுக்கிப் பிடித்தால், அவன் இழுக்கும் இழுப்பில் குழாயே உருவிக்கொண்டு வரும். அவள் ரத்தம் நிற்காது. ஒரு காலைக் கட்டில் கம்பியில் மாட்டிக்கொண்டு அவள்மேல் கவிழ்ந்தேன். கண்ணுக்குள் கறுப்பாகப் பூச்சி பறந்தது. மற்றக் குதிகாலால் அவன் பாதத்தை மிதித்தேன். வெறும் பாதம். செருப்பைக் கழற்ற வைத்தவள் நான்தானே. நகம் உடைந்தது எனக்கே கேட்டது. அவன் விடவில்லை. பின்னந்தலையால் மூக்கில் இடித்தேன். சூடாக என் தோளில் வழிந்தது. அது குழாயில் சொட்டிவிடாமல் இன்னும் குனிந்தேன். அவன் இன்னும் நெரித்தான்.

"டேய், விடுடா அவங்கள" என்றாள் அக்கா. குரல் காற்றாக வந்தது. "நான்தானேடா ஒட்டச் சொன்னேன். சொன்னா உன்னத் தள்ளிருவாங்கன்னு நான்தான பயந்தேன்."

கைகள் தளர்ந்தன.

காவலாளிகள் இருவர் அவனைத் தரையோடு இழுத்துப் போனார்கள். ஒருவன் வயிற்றில் மிதித்தான். நான் தடுக்கவில்லை. முனையை விடாமல் நின்றேன். இன்னொரு சிஸ்டர் என் கையுறையை ஒவ்வொன்றாக மாற்றிவிட்டாள். மறுபடி பதினைந்து எண்ணினேன். குரல் வராததால் உதட்டால் எண்ணினேன். ரத்தம் எடுத்து அனுப்பினேன். குளிர் எடுத்த நாற்பதாவது நிமிடம் மருந்து ஏறியது.

அன்று மாலையே அந்தக் குழாயை உருவி எறிந்தார்கள். இரண்டாம் நாள், அனுப்பிய ரத்தத்தில் கிருமி வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மறுபக்க நெஞ்சில் புதுக் குழாய் ஏறியது.

"போலீஸ்ல எழுதிக் குடுடி" என்றார் தலைமை நர்ஸ்.

"அவன் மேல எழுதுறதுக்கு முன்னாடி டிக் போட்ட ஆறு பேர் மேல எழுதணும்" என்றேன். அந்த ஆறு பேர் மேல் அவரிடமே எழுதியும் கொடுத்தேன், போலீஸுக்கு இல்லை. என்னைப் பற்றியும் ஒரு வரி எழுதினேன். மிரட்டத் தெரிந்த எனக்கு, பிரிந்தால் கூப்பிடு என்று சொல்லத் தெரியவில்லை.

அவன் வராந்தாவில், சுரைக்காயாக வீங்கிய மூக்கோடு, மூன்று நாளாக உட்கார்ந்திருந்தான்.

"ஒட்டு பிரிஞ்சா என்ன பண்ணுவ?"

"கை வைக்க மாட்டேன்."

"அது பத்தாது."

"உங்கள கூப்பிடுவேன்."

"திட்டுவேன்."

"திட்டுங்க. உங்க கழுத்த நெரிச்ச கடன் எனக்கு இருக்குல்ல."

"கால கழுவிட்டு உள்ள வா."

மறுநாள் காலையிலிருந்து அந்த அறையின் மணி ஐந்து முறை அடித்தது. ஐந்தாவது முறையும் ஓடிப்போனேன். "ஓரம் தூக்குன மாதிரி இருக்கு சிஸ்டர்." தூக்கவில்லை. எங்குமே தூக்கவில்லை. திட்ட வாயைத் திறந்தேன். தொண்டைக்குள் அவன் விரல்கள் இன்னும் இருந்தன.

நான்கு ஓரமும் பார்த்தேன்.

"நல்லா இருக்கு" என்றேன். "சந்தேகம் வந்தா மறுபடி மணிய அடி."