ஓடிப்போனவன் பேர்

1915 வைகாசி, இலங்கை. புளத்கொகுபிட்டியப் பக்கத் தோட்டமொன்றில், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றான் யாகூப். முந்தாநாள் வரைக்கும் கடைவீதியில் துணி வியாபாரி. முஸ்லிம்களைத் தாக்கிய சிங்களக் கலகக்காரர்கள் கடையைக் கொளுத்திவிட்டார்கள். தாடியை மழித்து, ஆளில்லாத கூலி லயக்காம்பிராவில் ஒளித்து வைத்தவர் அழகமுத்துக் கங்காணி.

"அந்தக் காம்பிராவுல இருந்தவன் பேரு யாகப்பன், கிறிஸ்துவ வேதக்காரன்," என்று விடியும்போதே காதைக் கடித்திருந்தார். "ஒங்க யாகூப் நபியும் அவங்க யாகப்பரும் ஒரே பேருதானாமே! பேரு கூப்பிட்டா தயங்காம 'ஐயா'ன்னு சொல்லுங்க, யாகூப் நானா."

பெரட்டு தொடங்குமுன்பே, பொல்லுத்தடியும் கத்தியுமாகப் பத்துப் பேர் துணிக்கார யாகூப்பைத் தேடிக் களத்துக்கே வந்துவிட்டார்கள்.

கங்காணி அசராமல் கூவினார். "யாகப்பன்!"

"ஐயா!"

பிறந்ததிலிருந்து அந்தப் பேரிலேயே வளர்ந்தவன் மாதிரி வந்தது குரல். பொல்லுக்காரர்களின் கண்கள் அவனைத் தாண்டிப் போயின. அப்பாடா!

பெருமூச்சு முடியவில்லை. போன மாதம்தான் வேலைக்கு வந்த ஜேகப் துரை செக்றோல் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "யாகப்பன்? விலகல் துண்டு வாங்காமே ஓடினவன்? வாரண்ட் இருக்கு!"

கங்காணியின் முகம் வெளுத்தது. வாரண்ட் சங்கதி அவருக்கே புதிது.

கலகத்தைத் தடுக்கக் காவலுக்கு வந்திருந்த சிங்களச் சார்ஜன்ட் ஜாகோலிஸ் விலங்கோடு நெருங்கினார். சிரிப்பு வேறு. "துரை ஜேகப், நான் ஜாகோலிஸ், நீ யாகப்பன். எல்லாம் ஒரே பேர்தானேடா! தொரைக்கி பங்களா, எனக்கி தொப்பி, ஒனக்கி மறியல் கூடு!"

"ஐயா, இவன் அந்த ஆளு இல்லீங்க..." என்று இடையில் புகுந்தார் கங்காணி.

"அப்போ யாரு?" என்றார் துரை.

பத்தடி தூரத்தில் பொல்லுக்காரர்களின் தலைகள் ஒன்றாய்த் திரும்பின. ஒருவன் கத்தியைக் கைமாற்றிப் பிடித்தான்.

யாகூப் என்றால் இங்கேயே வெட்டு. சார்ஜன்டிடம் சுட இருப்பதோ ஒரே துவக்கு. அதுவும் யார் பக்கம் திரும்புமோ! யாகப்பன் என்றால் மறியல். இரத்தினபுரியில் தாய்வீட்டில் இருக்கும் றமீலா, புருஷன் பேரைச் சொல்லித் தேடிவந்தால், அப்படி ஒருவன் இங்கே இல்லை என்று ஜெயில் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

"வாயில என்னடா கொழுக்கட்டை? நீ யாரு?" என்று அதட்டினார் சார்ஜன்ட்.

யாகூப் இரண்டு கைகளையும் தானாகவே நீட்டினான்.

"யாகப்பன், போலீஸ் ராளஹாமி. நான்தான் ஓடினேன்."

விலங்கு பூட்டப்பட்டது. பொல்லுக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"அனே, பவ்!" என்று சிங்களத்தில் பாவப்பட்டு அவர்களில் ஒருவன் அவனுக்காக உச்சுக்கொட்டினான்.