ஏழு பி-யில் கடல்

ஸ்ரீஹரி ஏழு பி வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் செருப்பைக் கழற்றினான். பிறகு பெஞ்சுகளை வராந்தாவுக்குத் தள்ளச் சொன்னான். அதற்குப் பிறகு பிள்ளைகள் எல்லாரையும் தரையில் மல்லாந்து படுக்கச் சொன்னான். ஆனந்தவல்லி டீச்சர் பின்சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, பின்னக் கணக்குப் பரீட்சைத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். செவ்வாய், வியாழன் மூன்றாம் பீரியட் அவளுடையது. ஆறு வாரத்துக்கு அதை இவனுடைய நடனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"பரதநாட்டியமா?" என்று அவள் கேட்டபோது ஹெட்மாஸ்டர் ராஜதாஸ் பதறிப்போனார்.

"அய்யோ, இல்ல டீச்சரே. கன்டெம்பரரி ஆக்கும். சிலங்கை கிடையாது, பாட்டு கிடையாது. உடம்பு சொந்தமா பேசும்."

"எந்த மொழியில?"

ராஜதாஸுக்குக் கிண்டல் பிடிபடுவதில்லை. "அவரு மலையாளத்துலதான் எடுப்பாரு. நம்ம பிள்ளையளுக்கு ரெண்டும் தெரியுமே," என்றார்.

கேரள எல்லைக்குள், பாறசாலையை ஒட்டிய அந்தப் பள்ளியில் தமிழ் வழி வகுப்பு ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டிருந்தது. பதினான்கு வருடமாக அங்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆனந்தவல்லி அதற்குள் யோகாக்காரர்கள், பல்லு டாக்டர்கள், விதைப்பந்துக்காரர்கள் என்று பல பேரைப் பார்த்திருக்கிறாள். எல்லாரும் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். இவன் இன்னும் ஒரு படி மேலே. உச்சியில் கொண்டை, கணுக்காலுக்கு மேல் நிற்கும் தொளதொள கால்சட்டை. முதல் வகுப்பிலேயே ஜெர்மனி போய்வந்ததை மூன்று தடவை சொன்னான். அவள் எண்ணினாள்.

"தரை நம்மளைத் தாங்குது. அது சொல்றதைக் கேளுங்க," என்றான் மலையாளத்தில்.

மதியச் சாப்பாட்டில் சாம்பார் சிந்துகிற தரை. ஜிபின் அதன்மேல் உண்மையாகவே தூங்கிப்போய்க் குறட்டை விட்டான். ஸ்ரீஹரி அதைச் சரணாகதி என்று பாராட்டினான். ஆனந்தவல்லி குனிந்து ஒரு தாளுக்கு இரண்டு மார்க் போட்டாள்.

இரண்டாம் வாரம் அவன் பிள்ளைகளிடம் ஒவ்வொருவராக ஊரைக் கேட்டுக்கொண்டே வந்தான். பிரின்ஸியிடம் வந்தபோது அவள் பொழியூர் என்றாள். வீடு எங்கே என்று கேட்டதற்கு, இல்லை, கடல் எடுத்துவிட்டது என்றாள். லாட்டரி விழுந்தவன் முகம் போல அவன் முகம் மலர்ந்தது.

"எப்போ மோளே?"

"போன ஜூன்ல."

"விழும்போ என்ன சத்தம் கேட்டது?"

"ஒண்ணும் கேக்கல்ல சார். நாங்க கேம்புல கிடந்தோம். விடிஞ்சு போயி பாத்தப்பம் அடுக்களை மட்டும் நின்னுது."

ஸ்ரீஹரி கண்ணை மூடிக்கொண்டான். "நிசப்தம்," என்றான். "ப்யூட்டிஃபுல்."

அந்தச் சொல்லுக்கு ஆனந்தவல்லியின் உடம்பு கூசியது. அடுத்த நொடியே ஜூன் மாதம் நினைவுக்கு வந்தது. பிரின்ஸி பதினொரு நாள் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்தவளை வீட்டுப்பாடம் எழுதாததற்காக ஒரு பீரியட் முழுக்க வெளியே நிறுத்தியது அவள்தான். ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாள். "சும்மா டீச்சர்," என்றது பிள்ளை. சும்மா என்பதை நம்புவது எளிதாக இருந்தது, நம்பிவிட்டாள். அதை இந்தக் கொண்டைக்காரன் இரண்டே கேள்வியில் வெளியே எடுத்துவிட்டான். அவன்மேல் இருந்த இளக்காரம் அதனால் குறையவில்லை. கூடத்தான் செய்தது. அதில் பாதி தன்மேலேயே என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வகுப்புக்குக் கேமராவோடு ஒருவன் வந்தான். பிரின்ஸி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூரைபோல் சேர்த்து நடுவில் நிற்க வேண்டும். அவள் வீடு. மற்றப் பிள்ளைகள் அலை. மூன்று முறை உருண்டு வந்து மோதுவார்கள். மூன்றாம் அலைக்கு அவள் விழ வேண்டும்.

"எலும்பே இல்லாத மாதிரி விழணும் மோளே. இன்னொரு தடவை."

மூன்று வாரத்தில் எத்தனை தடவை விழுந்தாளோ, முழங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது. ஆனந்தவல்லி நேரே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் பிள்ளைக்கு வீடு போயி ஒரு வருஷம் ஆவல்ல. அதை அவளைக்கொண்டே விழுந்து காட்டச் சொல்லியான். இது என்ன கலை?"

"டீச்சரே, அவ சந்தோஷமாத்தானே செய்யியா? நிகழ்ச்சி அன்னைக்கு கல்வி ஆபீசரு வாறாரு, பேப்பர்காரங்க வாறாங்க. தமிழ் கிளாஸை மூடப் போறதா பேச்சு கிடக்கு. நமக்கு ஒரு பேரு வேண்டாமா?"

பிள்ளை வீட்டை இன்னொரு தடவை விழவைத்துப் பள்ளிக்கூடத்தை விழாமல் நிற்கவைக்கப் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டாள். பிரின்ஸியைக் குழாயடியில் பிடித்து, "உனக்கு இஷ்டமில்லேன்னா சொல்லு மக்கா, நான் நிறுத்தியேன்," என்றாள்.

"இல்ல டீச்சர். நல்லாத்தான் இருக்கு."

"என்னது நல்லா இருக்கு?"

"எல்லாரும் ஓடி வாறது. நான் நடுவுல நிக்கியது."

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பள்ளி முற்றத்தில் பந்தல் போட்டார்கள். முன்வரிசையில் துணி போர்த்திய நாற்காலிகள், பின்னால் பெற்றோருக்கு பெஞ்சு. பிரின்ஸியின் அப்பா எலியா துவைத்த சட்டையோடு வந்து கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஸ்ரீஹரி பத்து நிமிடம் உடலைப் பற்றிப் பேசினான். பிறகு ஒலிபெருக்கியில் அலைச் சத்தம் எழுந்தது. அது எங்கேயோ வேறு கடல்.

முதல் அலை வந்து போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது வந்து மோதியது. பிரின்ஸி விழவில்லை.

பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பிப் போய் நான்காவதாக ஒரு முறை உருண்டு வந்தார்கள். "எட்டி, விழுட்டி," என்று ஜிபின் தரையில் கிடந்தபடி கெஞ்சினான். பந்தல் காலுக்குப் பின்னால் நின்ற ஸ்ரீஹரி இரண்டு கைகளையும் கீழே கீழே என்று ஆட்டினான். அவள் கைகள் இறங்கவில்லை. அலைச் சத்தம் ஓய்ந்தது. அதன்பிறகு கைகளை இறக்கி, முன்வரிசை நாற்காலிகளுக்கு நடுவே நடந்துபோய், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பந்தலே கைதட்டியது. கல்வி அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்ரீஹரி ஓடிவந்து மைக்கைப் பிடித்தான்.

"இந்த எதிர்ப்பைத்தான் ஆறு வாரமா நான் இந்தக் குட்டிக்குள்ளே தேடிக்கிட்டிருந்தேன்!"

ஒத்திகையில் விழு, விழு என்று அவன் கத்தியது இன்னும் ஆனந்தவல்லியின் காதில் இருந்தது. இவ்வளவு கூசாமல் பொய் சொல்லும் ஒருவனைக் கணக்குப் பரீட்சையில்கூட அவள் கண்டதில்லை. கூட்டம் கலையும்போது பிரின்ஸியிடம் கேட்டாள்.

"ஏன் மக்கா விழல்ல?"

"அப்பா வருவாருன்னு நேத்துதான் தெரிஞ்சுது." பிள்ளை குரலைத் தாழ்த்தியது. "அப்பா ஒருதரம் பாத்தாச்சுல்லா டீச்சர்."

அதற்குள் ஸ்ரீஹரி ஒரு தாளோடு வந்துவிட்டான். கொச்சியில் விழாவாம், பிரின்ஸி அங்கே வந்து நிற்க வேண்டுமாம், அப்பா கையெழுத்துப் போட்டால் போதுமாம். எலியா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆனந்தவல்லியிடம் நீட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்கு டீச்சரே?"

அவள் வாசித்தாள். "பிள்ள படத்தையும் பேரையும் எங்க வேணும்னாலும், எத்தன காலத்துக்கு வேணும்னாலும் காட்டலாம்னு இருக்கு."

"வீடு விழுந்ததையா காட்டுவாங்க?"

"விழாததை. இப்பம் அப்படி மாத்திட்டாரு."

எலியா சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்து ஸ்ரீஹரியிடம் மரியாதையாகவே கொடுத்தார். "சாரு ஒருநாள் பொழியூருக்கு வாங்க. இடத்தைப் பாருங்க. பொறவு பேசலாம்."

"தீர்ச்சயா! கண்டிப்பா அடுத்த ஞாயிறு," என்றான் ஸ்ரீஹரி.

அந்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து ராஜதாஸ் ஆசிரியர் அறையில் தன் போனைப் பெருமையாகச் சுற்றுக்கு விட்டார். கொச்சி மேடை, நீல விளக்கு. பயிற்சி பெற்ற இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கைகளைத் தலைக்கு மேல் சேர்த்து விழாமல் நின்றாள். "நம்ம ஸ்கூல்ல பிறந்ததாக்கும்," என்றார் ராஜதாஸ். ஆனந்தவல்லி போனை அடுத்த டீச்சரிடம் தள்ளிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில் பின்னம் மறுபடி தொடங்கி வெகுநாளாகியும் ஜிபின் மட்டும், "டீச்சரே, இன்னைக்காவது படுக்கண்டாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். "வேண்டாம்," என்றால் வகுப்பே முகம் சுண்டியது. அந்த வேஷத்தையா இதுகள் தேடுகின்றன என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

இடைவேளையில் பிரின்ஸியை நிறுத்தி, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். உச்சக்கடையில் வாடகைக்கு ஒரு அறை என்றாள் பிரின்ஸி. முற்றத்தில் வலை காயப்போட வீட்டுக்காரர் விடுவதில்லை. தம்பிக்கு இருமல். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னாள். மணி அடிக்கப் போகிற நேரத்தில், "டீச்சர், அந்தக் கொச்சி அக்கா ஆடினதை நானும் பாத்தேன்," என்றாள்.

"எப்படி இருந்துது?"

பிரின்ஸி உதட்டைச் சுழித்தாள். "இடுப்பை ஒடிச்சுக்கிட்டு நிக்கியா. வீடு அப்படியா டீச்சர் நிக்கும்?"

காலை அகற்றி வைத்து, முதுகை நிமிர்த்தி, கைகளைத் தலைக்கு மேல் சேர்த்தாள். "இப்படி."

"இன்னும் கொஞ்சம் நேரம் நில்லு," என்றாள் ஆனந்தவல்லி.