கினிகத்தேனையில் நின்ற மணிமுடி

...அப்படியென்றால் அந்தக் கிழவர் மகள் பக்கம் திரும்பவே மாட்டாரா, பக்கத்தில்தானே நிற்கிறாள், கையை நீட்டினால் தோளில் படும், மழைக்காலம் முழுக்கக் கோட்டையைக் காத்தது அவள்தானே, எதிரி ஏணி போட்டு ஏறியபோது கொதிக்கிற எண்ணெயோடு மதில்மேல் நின்றவள் அவள்தானே, அதையெல்லாம் இந்தக் கிழவர் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டுதானே இருந்தார்... லெட்சுமி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். திரையில் அரசர் இருமிக்கொண்டே அரியணையிலிருந்து எழுந்தார், மற்றப் படங்களில் எல்லாம் ஜட்ஜாக வருகிற நடிகர், இதில் தாடியும் கிரீடமும் வைத்தும் ஜட்ஜைப் போலவேதான் இருந்தார். ஒரு பக்கம் தளபதி ஜெயசாரதி, அரசரின் மருமகன், மார்பு நிறைய முத்துமாலை. மறுபக்கம் இளவரசி நளினகுமாரி, மகள், ஒரே ஒரு மாலை. அரசர் தட்டிலிருந்த மணிமுடியை இரண்டு கையாலும் தூக்கினார், மெல்லத் திரும்பினார், எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று லெட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது திரை வெள்ளையாகிவிட்டது.

விசில். நாற்காலிகள் படபடத்தன. விளக்குகள் எரிந்ததும் ஹட்டன் தியேட்டரின் சுவரில் ஈரம் இறங்கியிருந்தது தெரிந்தது, இருட்டில் அரண்மனையாக இருந்த இடம் இவ்வளவு சின்னதா என்று தோன்றியது. மேனேஜர் இம்தியாஸ் திரைக்கு முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "கோவிச்சுக்காதீங்க. படத்துக்கு ஒரே பெட்டிதான், நாவலப்பிட்டியிலயும் ஓடுது, இங்கயும் ஓடுது. அங்க ஓடி முடிஞ்ச ரீல்தான் பஸ்ல இங்க வரணும். கினிகத்தேனையில மண்ணு சரிஞ்சு ரோட்டு அடைச்சிருக்காம். கடைசி ரீல் அந்தப் பக்கம் நிக்குது. வெட்டிக்கிட்டுதான் இருக்காங்க, வந்துரும்." பின்வரிசையிலிருந்து ஒருவன், "ராசாவுக்குக் கை வலிக்கும் மொதலாளி, எவ்வளவு நேரந்தான் முடியத் தூக்கிக்கிட்டு நிப்பாரு" என்றான். தியேட்டரே சிரித்தது, இம்தியாஸும் சிரித்தார். லெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இன்று சாயந்தரத்துக்குள் தெரிந்தாக வேண்டும்போல் இருந்தது. சினிமாதானே, தெரிந்து என்ன ஆகப்போகிறது... ஆனாலும்.

இன்று சாயந்தரம் நோர்வூட்டுக்கு மேலே, அவர்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. முதல் காப்பைக் கட்டிக்கொள்கிறவர் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது, கறி கூடாது, சினிமா கூடாது. அதனால்தான் அவள் கணவன் வீரய்யா காலையிலேயே, "லெச்சுமி, கையில கட்டிட்டா அப்புறம் எங்கயும் போக முடியாது, இன்னிக்கே படத்தப் பாத்துட்டு அப்படியே மஞ்சள் சூடமெல்லாம் வாங்கிட்டு வந்துருவோமா" என்று கேட்டான், கல்யாணமான புதிதில் கேட்பானே அதே குரலில். அவள் உடனே சேலை மாற்றிக்கொண்டாள். வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் மூடுபனியைப் பார்த்தபடி வந்தாள், அவள் மனதில் கிடந்தது அவனிடம் சொல்லக்கூடியதாக இல்லை. முதல் காப்பு யார் கையில் ஏறுகிறதோ அவர்தான் தோட்டத்துத் தலைவர். திருவிழாவுக்கு மட்டுமில்லை, வருசம் பூராவும். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய் நிற்கிறவர், லயத்து வீடுகளில் சண்டை வந்தால் தீர்க்கிறவர், சாவு வீட்டில் முதலில் போய் நிற்கிறவர். அவள் அப்பா மாயாண்டி தலைவராக இருக்கும்போதே அவள் வளர்ந்தாள், கல்யாணம் செய்தாள், பிள்ளை பெற்றாள். இப்போது அப்பாவுக்கு இழுப்பு, கோயில் மேட்டில் ஏற முடியவில்லை. மகன் இல்லை. போன வாரம் ஆட்களெல்லாம் இருக்கும்போதே சொல்லிவிட்டார், "எனக்கப்புறம் எம் மருமகன்." எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் தேத்தண்ணிக் கோப்பைகளை நீட்டிக்கொண்டே தலையாட்டினாள். அதுதான் இத்தனை நாளும் குத்துகிறது, அப்பா சொன்னதுகூட இல்லை, தான் ஏன் தலையாட்டினோம்?

போன வருசம் கீழ் லயத்துக்கே தண்ணீர் கொட்டுகிற பீலி நின்றுபோனபோது, ஓடைத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு கண்டபோது, அப்பா ஆபீசுக்குப் போனார், கைகட்டி நின்றார், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் அவள் போனாள். சின்ன வயதில் கினிகத்தேனையில் ஒரு கடைக்காரர் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டு இருந்தவள், சிங்களம் வாயில் ஊறியது, அந்தச் சிங்களத்திலேயே துரையிடம் சொன்னாள், நீங்கள் இந்தத் தண்ணீரில் ஒரு கோப்பை குடித்தால் நாங்கள் வேலைக்கு இறங்குகிறோம் என்று. அந்த ஓடைத் தண்ணீரை வாளியில் கொண்டுபோயிருந்தாள். துரை வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அந்த வாரமே குழாய் போட வந்தார்கள். பீலியில் தண்ணீர் கொட்டிய அன்று மாலை போட்டது அப்பாவுக்கு. அவளே கட்டிய மாலை. அன்றைக்கு அவளுக்கு வருத்தமே இல்லை, அப்பா கழுத்தில் சாமந்தி எவ்வளவு அழகு என்றுதான் நினைத்தாள், சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்... பிறகு எப்போது மாறியது? மாறவில்லையோ, முதலிலிருந்தே இருந்ததோ?

"எல, இதுல யோசிக்க என்னா இருக்கு?" முன்வரிசையில் பக்கத்துத் தோட்டத்து வேலாயி அக்கா, மடியில் பேரனைப் போட்டுக்கொண்டு, அடுத்திருந்தவனிடம் வழக்குப் பேசிக்கொண்டிருந்தாள். "வெளிய படம் ஒட்டிருக்கானே, அதுல பெரிய தலை யாருது? ஜெயசாரதிது. அப்ப முடி அவனுக்குத்தான். கதாநாயகன் தலையில வைக்காம அந்தப் புள்ள தலையிலயா வைப்பாரு?"

"புள்ளதான அக்கா சண்ட போட்டிச்சு."

"போட்டா? அதுக்குத்தான் ரெண்டு பாட்டுக் குடுத்துட்டான்ல. போதும் போ."

லெட்சுமிக்கு அது சுருக்கென்று தைத்தது. உண்மைதான். கதை யாரைச் சுற்றிப் போகிறது என்பதை யாரோ முன்னாலேயே முடிவு செய்துவிடுகிறார்கள், சுவரொட்டி அடிக்கும்போதே. அப்புறம் நளினகுமாரி மதில்மேல் நின்றால் என்ன, எண்ணெய் ஊற்றினால் என்ன, அவள் பெயர் இரண்டாவதாகத்தான் வரும். ஆனால் அந்த நடிகை அதைத் தெரிந்துகொண்டே நடிக்கிறாள் போலிருந்தது. முடி மேலே போனபோது மற்ற எல்லோரும் முடியைப் பார்த்தார்கள், அவள் மட்டும் அப்பாவின் கையைப் பார்த்தாள், நடுங்குகிற கையை, விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்பதுபோல. அதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவளுக்கும் வீட்டில் இருமுகிற அப்பா ஒருவர் இருப்பார்.

வீரய்யா கச்சான் சுருளை அவள் பக்கம் நீட்டினான். "ஜெயசாரதி மொகத்தப் பாத்தியா நீ?" என்றான். அவள் பார்க்கவில்லை. "பயந்துபோய் நின்னான். வாளெடுத்துச் சண்ட போடும்போது இல்லாத பயம், முடியப் பாத்ததும் வந்துருச்சு அவனுக்கு." சொல்லிவிட்டு ஒரு கச்சானை உடைத்து, பருப்பை அவள் கையில் வைத்தான், தோலைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தியேட்டரில் எல்லோரும் தரையில் போடுகிறார்கள், இவன் மட்டும்... இந்த மனுசனிடம் கோபப்படவும் முடிவதில்லை. ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷினோடு இருக்கிறவன், வீட்டுக்கு வந்தால் அவன் சட்டையிலிருந்து தேயிலை வாசம் வரும், பேச்சு வராது. கூட்டத்தில் எழுந்து நின்றால் காது மடல் சிவந்துவிடும். இவனுக்கு எதற்கு இந்தப் பாரம்? மாமா சொல்லிவிட்டாரே என்பதற்காகச் சுமக்கப்போகிறான், பேச வேண்டிய இடத்துக்கெல்லாம் அவளைக் கூட்டிக்கொண்டு போவான், அவள் பின்னாலிருந்து சொல்லிக்கொடுப்பாள், அவன் முன்னாலிருந்து சொல்லுவான், மாலை அவன் கழுத்தில் விழும், அதையும் அவளே கட்டுவாள். அப்பாவோடு இருந்தது போலவே. அப்படியே கிழவியாகிவிடலாம்.

கூடாது.

ஏன் கூடாது என்று மனதுக்குள்ளேயே ஒருத்தி கேட்டாள், பொம்பளைக்கு முதல் காப்பா, நடுவில் தீட்டு வந்தால்? தீச்சட்டி எடுக்கிற பெண்கள் எல்லோருந்தான் காப்புக் கட்டுகிறார்கள், நாளைப் பார்த்துத்தான் கட்டுகிறார்கள், பூசாரி தானே கட்டிவிடுகிறார், அந்த மஞ்சள் கயிறு அவர்கள் கையில் ஏறும்போது வராத கேள்வி முதல் கயிற்றுக்கு மட்டும் ஏன் வருகிறது? ஆட்கள் சிரிப்பார்களா? சிரிக்கட்டும், பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சிரித்துக்கொண்டே பிடிக்கட்டும். அப்பா? அப்பாதான் கஷ்டம். கோபப்பட்டால் இழுப்பு வரும். மெதுவாகச் சொல்ல வேண்டும், அவர் மூச்சு சீராக இருக்கும்போது, காலடியில் உட்கார்ந்து. ஆனால் சொல்ல வேண்டும், கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால்.

"போவோமா" என்றாள்.

"கடைசி ரீலு?"

"நின்னா பஸ்ஸு போயிரும். அங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க."

வெளியே தூறல். வாசலில் ஜெயசாரதியின் பெரிய தலை நனைந்துகொண்டிருந்தது. இம்தியாஸ் ஓடி வந்து, டிக்கட்டைப் பத்திரமா வச்சிருங்க, நாளைக்குக் கொண்டுவந்து முடிவை மட்டும் பாத்துட்டுப் போகலாம் என்றார். நாளைக்கு வர முடியாது மொதலாளி என்று வீரய்யா சொல்ல வாயெடுத்தான், லெட்சுமி முந்திக்கொண்டு, "இவரு வருவாரு. நாந்தான் வர முடியாது" என்றாள்.

சொல்லிவிட்டாள். இம்தியாஸுக்குப் புரியவில்லை. வீரய்யா அவளைப் பார்த்தான், குடையை விரிக்க மறந்து நின்றான். கடையில் மஞ்சளும் சூடமும் வாங்கிக்கொண்டு இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். போகவந்தலாவை பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் அவன் கேட்டான், ரொம்ப மெதுவாக, "நீ கட்டிக்கிறியா?"

"ஆமாங்க. நானே கட்டிக்கிறேன்."

அவன் தலையாட்டினான். ஜன்னலில் கை வைத்து நீராவியைத் துடைத்தான். "சரி. மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நான் சொன்னா அவரு தட்ட மாட்டாரு."

எவ்வளவு நல்லவன். அந்த வார்த்தையில் சாய்ந்துகொண்டால் எவ்வளவு சுகமாக இருக்கும், எல்லாம் முடிந்துவிடும், அப்பாவின் முகத்தை நேராகப் பார்க்க வேண்டியதில்லை... ஆனால் அப்போது அது இவன் வாங்கி இவன் கொடுத்தது ஆகிவிடுமே. "வேணாங்க" என்றாள். "நானே சொல்றேன். நீங்க பக்கத்துல இருங்க, அது போதும்."

"திட்டுவாரு புள்ள."

"திட்டட்டும். அவரு திட்டு எனக்குப் பழகுனதுதான்."

அவன் சிரித்தான். வளைவில் பஸ் சாய்ந்தபோது அவன் தோள் அவள்மேல் அழுந்தியது, நிமிர்ந்த பிறகும் எடுக்கவில்லை. மலைச்சரிவில் கொழுந்து மழையில் பளபளத்தது, லயங்களின் கூரையிலிருந்து புகை எழும்பியது, அவளுக்கு மனசு லேசாகிவிட்டது, இவனையும் காப்பாற்றிவிட்டோம், இனி இவன் கூட்டத்தில் காது சிவக்க நிற்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவன் சொன்னான், வெளியே பார்த்தபடி, யாருக்கோ சொல்வதுபோல. "காப்புக் கட்டுனதும் நாலு வார்த்த பேசணும்ல. நான் யோசிச்சு வச்சிருந்தேன். மெஷின் ஓடும்போது அந்தச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்காது, அதுல சொல்லிச் சொல்லிப் பாப்பேன்."

"என்னா வார்த்த?"

"விடு, இப்ப எதுக்கு."

"சொல்லுங்க."

அவன் தொண்டையைச் செருமினான். காது மடல் சிவந்தது. "எங்க மாமா தூக்குன பாரத்த எறக்கி வைக்க எடம் தேடுறாரு. நான் பெரிய ஆளு இல்ல. ஒங்கள்ல ஒருத்தர் கை குடுத்தாலும் நான் அதத் தூக்குவேன். ஒருத்தரும் குடுக்கலேன்னாலும் கீழ போட மாட்டேன்." நிறுத்தினான். "அவ்வளவுதான்."

நன்றாக இருந்தது. அவள் யோசித்து வைத்திருந்த எதையும்விட நன்றாக இருந்தது. லெட்சுமி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எத்தனை வருசமாகத் தெரிந்த முகம், இதற்குள் இப்படி ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்ததா... போன வாரம் அப்பா தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எவ்வளவு குமுறினாள். இவன் பயப்படுகிறான், இவனுக்கு வேண்டாம் என்று அவளாகவே எப்படித் தீர்மானித்தாள்? ஒருதரமாவது இவனைக் கேட்டாளா? நோர்வூட் கடைகள் தெரிய ஆரம்பித்தன, இறங்க வேண்டியவர்கள் பைகளைத் தூக்கினார்கள். இப்போது கேட்கலாம், உங்களுக்கு ஆசையா என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டாலும் அவள் விட்டுக்கொடுக்கப்போவதில்லை, அது அவளுக்குத் தெரிந்தது, கொஞ்சமும் அசையாமல் தெரிந்தது, விட்டுக்கொடுக்காத ஒருத்தி அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பாள் என்பதுதான் தெரியவில்லை.