காதில் சொருகிய சிகரெட்

மெல்போர்னில் உட்கார்ந்துகொண்டு பதினான்கு நாட்டுப் புகைப்பழக்க ஆராய்ச்சியை ஒருங்கிணைக்கிற டாக்டர் பென்ஹேலுக்கு, எங்கள் தீவு நாட்டுத் தலைநகரான ஹொனியாராவில் சிகரெட் எப்படி விற்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை. எங்களுக்கு அவர் அனுப்பிய படிவத்தில் முதல் கேள்வியே இதுதான்: 'ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் புகைக்கிறீர்கள்?'

இங்கே யார் ஐயா பாக்கெட் வாங்குகிறார்கள்? பாக்குக் கடையில் பாக்கெட்டை உடைத்து ஒன்று ஒன்றாகத்தான் விற்கிறார்கள். சட்டத்தில் அதற்குத் தடை இருக்கிறது, பிடிக்கத்தான் ஆள் கிடையாது. என் மகள் நெரோலி பதின்மூன்று வயதில், பன் வாங்கக் கொடுத்த காசில், பள்ளிக்கூட வாசலில் அப்படித்தான் பழகினாள். அந்த வயிற்றெரிச்சலில்தான் இந்தக் கணக்கெடுப்பு வேலைக்கே வந்தேன். உதிரி விற்கிறவர்களைப் பிடிக்க ஆறு சோதனை அதிகாரிகளை நியமிக்கப் பாராளுமன்றக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு எங்கள் ஆராய்ச்சிதான் சாட்சி.

வீடு வீடாகப் போனபோது ஜனங்கள் சிரித்தார்கள்.

"பாக்கெட்டா? நான் என்னம்மா, மந்திரியா?"

கிட்டத்தட்ட எல்லோருக்கும் பூஜ்யம். நெரோலி புகைக்கிற என் வீட்டுப் படிவத்திலும் பூஜ்யம்தான் விழுந்தது. பொறுக்காமல் ஓரத்தில் 'தினம் எட்டு உதிரி', 'தினம் பன்னிரண்டு உதிரி' என்று எழுதி அனுப்பினேன். டாக்டர் போனில் வந்தார்.

"டோரிஸ், ஓரத்துல எழுதினதைக் கம்ப்யூட்டர் எடுத்துக்காதும்மா. ஒரு நாட்டுக்காகக் கேள்வியை மாத்தினா மத்த நாட்டோட ஒப்பிட முடியாது."

"ஒப்பிட்டு என்ன பண்ணப்போறீங்க டாக்டர்? பொய்யைப் பொய்யோட ஒப்பிடவா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க."

படித்த மடையன்! ஹொனியாராவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புகைக்காதவர்கள் என்று அறிக்கை வந்தது, வழவழ தாளில்.

பாராளுமன்றக் குழுவின் விசாரணை நாளன்று சிகரெட் கம்பெனி வக்கீல் அதை வேதம் மாதிரி படித்தார். "அவங்க ஆராய்ச்சியே சொல்லுது சார். இல்லாத பழக்கத்துக்கு ஆறு பேருக்குச் சம்பளமா?"

டாக்டர் திரையில் தெரிந்தார். வாதாடுவார் என்று பார்த்தால், "எங்கள் முறை உலகத் தரமானது" என்று பெருமையாகத் தலையாட்டினார். எனக்கு அந்தத் திரையை உடைக்கலாம் போல இருந்தது.

தேநீர் இடைவேளை விட்டார்கள். குழுத் தலைவர் காஸ்பர் இரோகா நேராக வாசலிலிருந்த லோரெட்டாவின் பாக்குக் கடைக்குப் போனார். இரண்டு உதிரி வாங்கினார். ஒன்றை அங்கேயே ஊதிவிட்டு, இன்னொன்றைக் காதில் சொருகிக்கொண்டு திரும்பினார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து என் முறை.

"தலைவர் ஐயா, படிவத்துல இருக்கற முதல் கேள்வியை உங்ககிட்டயே கேக்கலாமா?"

"கேளேன் தங்கச்சி."

"ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்?"

"பாக்கெட்டா! நான் பாக்கெட் வாங்கினதே கிடையாதே."

"அப்போ நீங்க புகைக்காதவர். உலகத் தரத்துல எழுதிக்கறேன். காதுல இருக்கறதை மட்டும் என்னன்னு எழுதட்டும்?"

அவர் கை காதுக்குப் போனது. சபை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"நீங்க போட்ட சட்டம் தடுத்ததை, நீங்களே உங்க வாசல்ல வாங்கியிருக்கீங்க. என் பொண்ணும் இப்படித்தான் ஒண்ணு ஒண்ணா வாங்கினா, பதிமூணு வயசுல. இந்த அறிக்கைப்படி அவளும் புகைக்காதவதான்."

இரோகா சிகரெட்டை எடுத்து அந்த வழவழ அறிக்கையின் மேல் வைத்தார். வக்கீல் எழுந்தார்.

"நீ உக்காருய்யா" என்றார் இரோகா.

ஆறு பேர் கேட்டோம், நான்கு பேர் கிடைத்தார்கள். முதலில் நெரோலியின் பள்ளிக்கூட வாசலுக்குத்தான் போகச் சொன்னேன்.

விசாரணைக்கு மறுநாளே மெல்போர்னிலிருந்து கடிதம் வந்திருந்தது. 'தலைவரின் பேட்டி மிகவும் பயனுள்ளது. முறைப்படி படிவத்தில் நிரப்பி அனுப்பவும்.'

எத்தனை பாக்கெட் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டு அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது.