மேல்முறையீடு உண்டு

அத்தான் அவளை 'வக்கீலம்மா' என்றுதான் கூப்பிடுவார். அவள் வக்கீல் இல்லை. பிரெஞ்சு ஒப்பந்தங்களை ஆங்கிலத்தில் பெயர்க்கிறவள். வழக்கு எந்த ஊரில் நடக்கும், தோற்றவர் மேலே போகலாமா கூடாதா என்கிற ஷரத்துகளில் பழம் தின்று கொட்டை போட்டவள். கையெழுத்துப் போடும்போது அந்தப் பக்கத்தை ஒரு நாயும் திரும்பிப் பார்க்காது. சண்டை வந்தபின் அதைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

அன்று மத்தியானம் அத்தானும் அக்காவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். பாட்டில் மூடி செய்யும் அத்தானின் பட்டறைக்கும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கும் தகராறு. விஷயம் கோர்ட்டுக்குப் போகாமல், ஒப்பந்தப்படி நடுவரிடம் போயிருந்தது.

"தோத்துட்டோம்," என்றார் அத்தான், பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி. "பட்டறை மொத்தமும் அவனுக்காம். நடுவுல சமரசத்துக்குக் கூப்பிட்டான், பாதி மெஷினை விட்டுக்கொடுன்னான். போடான்னுட்டேன். தோத்தா மேல்முறையீடு உண்டுன்னு பன்னிரண்டாம் ஷரத்துல தெளிவா இருக்கே! பிரெஞ்சுல ஒரு அப்பீல் எழுதிக் கொடு, வக்கீலம்மா."

"முதல்லயே என்கிட்ட காட்டியிருக்கலாமே, அத்தான்?"

"இங்கிலீஷ்லயும் இருக்கு, எனக்கே புரிஞ்சுது. உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

அவர் நீட்டிய ஒப்பந்தத்தில், வழக்கம்போல் பிரெஞ்சை முதலில் படித்தாள். நடுவரின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் கூடாது. பக்கத்தில் ஆங்கிலம். நடுவரின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். ஆங்கிலத்தை இன்னொரு தடவை படித்தாள்.

அந்த ஆங்கிலம் அவளுடையது. ஆறு வருஷத்துக்கு முன் வேறொரு ஒப்பந்தத்துக்காக இழைத்து இழைத்து எழுதியது. அவளுக்கு வேலை அனுப்பும் ஏஜென்சியின் மென்பொருள் பழைய வாக்கியங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதே மாதிரி ஒன்று வந்தால் தானே நிரப்பி மஞ்சள் பூசிக் காட்டும். 'தொண்ணூற்றெட்டு சதவீதம் பொருத்தம்' என்று அருகில் போட்டிருக்கும். மஞ்சள் வரிகளில் யாரும் மினக்கெடுவதில்லை. தன் எழுத்துதானே என்ற திமிர் வேறு. இந்த ஒப்பந்தம் வந்தபோது, மாறியிருந்த அந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் ஒப்புதல் பொத்தானைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறாள். கட்சிக்காரர்களின் பெயர்களை ஏஜென்சி கறுப்படித்துத்தான் அனுப்பும். அந்தக் கறுப்புக்குள் அத்தான் இருந்திருக்கிறார்.

பதின்மூன்றாம் ஷரத்தைப் பார்த்தாள். இரு மொழிகளும் முரண்பட்டால் பிரெஞ்சே செல்லும். அதை மட்டும் பிழையில்லாமல் பெயர்த்திருந்தாள், பாவி.

"அப்பீல் இல்ல, அத்தான். இங்கிலீஷ் தப்பு."

அத்தானின் முகம் கறுத்தது. "எந்த மடையன் பண்ணினான்?"

"நான்தான்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு, கண்ணில் நீரோடு சிரித்துவிட்டார். "பாத்தியாடி உன் தங்கச்சியை? நான் எவன் மேலயாவது பாய்ஞ்சுடுவேன்னு பழியைத் தன் தலைல போட்டுக்கறா. நீ போய் இப்படிப் பண்ணுவியாம்மா?"

அக்கா சிரிக்கவில்லை. தங்கை பொய் சொன்னால் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"படிச்சுப் பாக்காமயாடி கொடுத்தே?"

"ஆமாக்கா."

அக்கா காகிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிப் பைக்குள் வைத்தாள். அத்தானின் கையைப் பிடித்து எழுப்பினாள். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'போயிட்டு வரோம்' என்றுதான் சொல்கிறவள், வாசலில் செருப்பை மாட்டியபடி, "போறோம்," என்றாள்.