வலது கைக்கு ஓர் ஆள்

ஹின்னெர்க்குக்குச் சங்கீதமே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஹாம்பர்க் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டுகிறவன். சகாக்கள் எங்கே கூடினாலும் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவான். எல்லாம் காதால் கேட்டுப் பழகிய பாட்டுகள், கேட்கிறவர்கள் காலால் தாளம் போடுகிற பாட்டுகள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் வீப்கேயைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் வீட்டுக்குக் குடிவந்தபோதுதான் என்றோ செத்துப்போன இசையமைப்பாளர் பிராம்ஸோடு ஒரே கூரையின் கீழ் வாழ நேர்ந்தது.

வீப்கே பல் மருத்துவர். மாலையில் வந்ததும் காலணியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பியானோ முன்னால் உட்கார்ந்துவிடுவாள். வாசிப்பது பெரும்பாலும் பிராம்ஸ் கடைசிக் காலத்தில் எழுதிய சின்னச் சின்ன உருப்படிகள். ஹின்னெர்க் மரியாதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெட்டு எங்கே என்று தேடுவான். இதோ அகப்பட்டது என்று நினைப்பான், அதற்குள் நழுவிவிடும். கொஞ்ச நேரத்தில் கொட்டாவி வரும்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனோடு படகில் வேலை செய்யும் ரோல்ஃப் மனைவியோடு சாப்பிட வந்திருந்தான். கேல் கீரையும் சாஸேஜும் தீர்ந்த பிறகு, "டாக்டரம்மா, ஏதாவது வாசிங்களேன்" என்றான். அவளும் வாசித்தாள். கடைசி ஸ்வரம் அடங்குகிற வரை யாரும் அசையவில்லை.

"முடிஞ்சிருச்சா? இல்ல இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?" என்றான் ஹின்னெர்க்.

ரோல்ஃப் மேஜையைத் தட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு கொடுத்த தெம்பில் ஹின்னெர்க் இன்னும் கொஞ்சம் சேர்த்தான். "நம்ம ஊர்ல பொறந்தவராச்சே, வேற எப்படி இருக்கும்? விடாத தூறல்தான்."

வீப்கேயும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பியானோவை மூடினாள்.

அதற்குப் பிறகு அவன் வீட்டில் இருக்கும்போது அவள் வாசிக்கவில்லை. அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஜனவரியில் தெருவெல்லாம் பனி உறைந்து கிடந்த ஒரு காலையில் அவள் சைக்கிளோடு சறுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. முழங்கை வரை கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஹின்னெர்க் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தான், தலைமுடியைக் கழுவிவிட்டான். எதிலும் குறை வைக்கவில்லை.

ஒருநாள் மூடுபனி அடர்ந்து கப்பல்களை நிறுத்திவிட்டார்கள். அவன் மதியமே வீடு திரும்பினான். மாடிப்படி ஏறும்போது பியானோ கேட்டது. வலது கைதான் கட்டுக்குள் இருக்கிறதே என்று நினைத்து அப்படியே நின்றான். இடது கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. கீழிருந்து மெல்ல ஏறி, ஓரிடத்தில் தயங்கி, திரும்ப இறங்கியது. நடுநடுவே யாரோ பதில் சொல்வதற்காகக் காத்திருப்பதுபோல இடம் விட்டது. மெட்டு என்று எதுவும் இல்லாததால் அவன் எதையும் தேடவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி சும்மா கேட்டுக்கொண்டிருந்தான்.

பூட்டில் சாவி திரும்பியதும் சத்தம் நின்றது. உள்ளே போனபோது அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போயிருந்தாள்.

"ஏன் நிறுத்திட்ட?"

"நீ வந்துட்டல்ல."

"நான் வந்தா என்ன?"

"உனக்குத்தான் தூறல் ஆகாதே."

அவன் கோட்டைக் கழற்றாமலே நின்றான். நவம்பரிலிருந்து யோசித்துப் பார்த்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு மாலைகூட அவள் வாசித்து அவன் கேட்கவில்லை. முகம் சுட்டது.

"நான் ஒரு மடையன், வீப்கே."

"அது தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன்."

"அந்த வலது கை... அது வாசிக்கறதை நான் வாசிக்கட்டுமா? அக்கார்டியன்லயும் இதே கட்டைங்கதானே."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

முதல் வாரம் மகா கேவலம். அவனுக்கு இசைத்தாளைப் பார்த்து வாசிக்க வராது. அவள் ஒவ்வொரு அடியாகப் பாடிக் காட்ட, அவன் விரலால் துழாவிப் பிடித்தான். பிடித்ததும் உச்சி ஸ்வரத்தை ஓங்கித் தட்டினான்.

"ஏன் மேல நின்னு கூவுற? கப்பலா வருது?"

"மெட்டுக் கேக்க வேணாமா?"

"மெட்டு அங்க இல்லய்யா. உன் கட்டைவிரல்ல இருக்கு. அடுத்த வரியில அதை நான் வாங்கிக்கறேன், அப்புறம் திருப்பித் தர்றேன். மேல இருக்கறதெல்லாம் வெறும் காத்து."

"நடுவுலயா? நடுவுல கொண்டுபோயா ஒருத்தன் மெட்டை வைப்பான்?"

"அவர் வெச்சிருக்காரே."

அவன் மேல் விரல்களை அடக்கிக் கட்டைவிரலை மட்டும் அழுத்தினான். அந்த ஒற்றை இழை அவள் கையிலிருந்து அவன் கைக்கு வந்தது, கொஞ்சம் தங்கியது, திரும்பவும் அவளிடம் போனது. இத்தனை நாள் அவன் தேடியது அங்கேதான் இருந்தது. அவன் கையை எடுத்துவிட்டான்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை."

மார்ச்சில் அவள் கைக்கட்டைப் பிரித்தார்கள். மணிக்கட்டு கொஞ்ச நாள் முரண்டு பிடித்துவிட்டுச் சரியானது. அவளே இரண்டு கைகளாலும் வாசிக்க ஆரம்பித்தாள். அவன் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நிற்பான். எல்லாமே பிடித்துவிட்டது என்றில்லை. சில உருப்படிகள் இன்னமும் தூக்கத்தைத்தான் வரவழைத்தன, அதை அவன் மறைக்கவும் இல்லை.

மே மாதம் ஒரு கச்சேரிக்குப் போனார்கள். பெயர் பெற்ற ஓர் இளம் கலைஞன் அதே உருப்படியைச் சரசரவென்று வாசித்துக்கொண்டு போனான். ஹின்னெர்க் நெளிந்தான்.

"எதுக்கு இப்படி ஓடறான்? கடைசிப் படகு போயிருமா?" என்று முணுமுணுத்தான்.

முன்வரிசை அம்மாள் திரும்பி முறைத்தாள். வீப்கே அவன் தொடையில் கிள்ளினாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வெளியே வந்து ஆற்றங்கரையோரமாக நடந்தார்கள். வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஹின்னெர்க் தனக்குள்ளே ஏதோ முனகிக்கொண்டு வந்தான். வீப்கே காது கொடுத்தாள். அது கட்டைவிரலின் வரி. தன் முறை வந்ததும் அவளும் சேர்ந்துகொண்டாள்.