ஆறின தண்ணீர்

"பாப்பாவுக்குப் பொடியை எப்படிக் கலக்குறீங்க?" என்று கேட்டார் திண்டிவனத்துக் குழந்தைகள் டாக்டர் கவிதா.

"தண்ணிய வடிகட்டி, கொதிக்க வச்சு, சுடச்சுடக் கலந்துடுவேன். ஆறினதும் ஊட்டுவேன்," என்றான் நேமிகுமார், முழு மதிப்பெண் எதிர்பார்ப்பவனைப் போல.

கவிதா சிரித்துவிட்டார். "இதுல இருக்கிறது உயிருள்ள நல்ல கிருமிங்க. அதுங்களுக்குத் தீனியா கொஞ்சம் நார்ச்சத்து. சூட்டுல கிருமி செத்துடும். முதல்ல தண்ணி ஆறணும், அப்புறம்தான் பொடி."

நேமியின் முகம் வாடியது. சின்ன உயிரையும் கொல்லக் கூடாதென்று வடிகட்டாத, காய்ச்சாத தண்ணீரைத் தொடாத சமணக் குடும்பம். "பத்து நாளா எத்தினி கோடி உயிரு," என்று முணுமுணுத்தான்.

அவன் மனைவி சன்மதிக்குச் சிரிப்பு வரவில்லை. மடியிலிருந்த ஒரு மாத மகளின் முழங்கை மடிப்பைத் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. சிறு வயதில் அவளுக்கு அந்த இடம் ஆறாத புண். சொறியாமலிருக்க அம்மா பழைய சாக்ஸைக் கைகளில் மாட்டித் தூங்கவைப்பாள். நேமிக்கோ வீசிங். இருவரின் அலர்ஜியும் பிள்ளைக்கு வந்துவிடக் கூடாதென்றுதான் இந்தப் பொடி.

"பத்து நாள் போச்சே டாக்டர். இனிமே வந்துடுமா?"

"பொடி குடுத்தாலும் வராதுன்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. வாய்ப்பு கொறையலாம், அவ்ளோதான். இன்னிக்கே மறுபடி ஆரம்பிங்க. தாய்ப்பாலை மட்டும் விட்டுடாதீங்க."

வீடு திரும்பும் விழுப்புரம் பஸ்ஸில் நேமி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

"இன்னாங்க, மௌன விரதமா?"

"திட்டிடு சன்மதி. பேஜாரா இருக்கு."

அவளுக்கு விழுப்புரம் ஜங்ஷன் ஞாபகம் வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால், புதுச்சேரி வண்டிக்குக் காத்திருந்த பெஞ்சில், முன்பின் தெரியாத ஒருவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி நீட்டினாள். அந்த நிலையிலும் அவன் கேட்ட முதல் கேள்வி, "வடிகட்டினதாங்க?"

"வடிகட்டி, காய்ச்சினது," என்றாள். நம்மாள்தான் என்று அப்போதே தெரிந்துபோயிற்று. ஊதி ஊதி அவன் குடித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அவள் ஏறவில்லை.

"வெந்நீர் குடுத்துத்தான் உங்களைப் புடிச்சேன். அதே வெந்நீருக்காக நான் எப்படித் திட்டுறது?" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அவன் தோள் மெல்லக் குலுங்கியது. சிரிக்கிறான்.

வீட்டில் நேமி தண்ணீரைக் காய்ச்சி இறக்கி டம்ளரில் ஊற்றிவிட்டு, அதற்கு எதிரே காவல்காரன் போல உட்கார்ந்தான். ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் ஒரு சொட்டை எடுத்து அவள் மணிக்கட்டில் விட்டான்.

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம்."

நாலாவது சொட்டில் அவள் தலையசைத்தாள். பொடியைத் தூவும்போது நேமி குனிந்து, "இன்னிக்குக் கொல்லல. குடி வைக்கிறேன்," என்று டம்ளரிடம் சொன்னான்.

மகள் சப்புக்கொட்டி விழுங்கினாள். அலர்ஜி வருமோ வராதோ. சன்மதி அந்தக் குட்டி முழங்கையை மறுபடி தடவினாள். இந்த முறை நேமியின் விரலும் கூடவே வந்தது.